பேதுருவின் மிதியடி

(உலக நோயாளர் நாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)



இந்த வாரம் பிப்ரவரி 11 வருகிறது. லூர்து அன்னையின் திருநாள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992ஆம் ஆண்டில் அந்த நாளை உலக நோயாளர் நாளாக அறிவித்தார். நம் பங்குகளிலும் அன்று நோயாளிகளுக்காகத் திருப்பலி நடக்கும், நோயில்பூசுதல் கொடுப்போம். சென்ற ஆண்டு இதே வாரத்தில், இதே நேரத்தில், உடல்நலத்தைப் பற்றி உங்களிடம் பேசினேன். இயற்கையோடு ஒட்டி வாழ்வது, பச்சைக் கீரை, தண்ணீர், நடை என்று பேசினேன். நல்ல பேச்சு என்று பலர் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இன்று அந்தப் பேச்சில் நான் விட்டுவிட்ட பாதியைச் சொல்ல வந்திருக்கிறேன். விட்டது என் தவறு. அது எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டு மாதம் ஒரு அம்மா அழைத்தார். "சாமி, நீங்க ரேடியோல பேசுற சாமிதானே? எங்க வீட்டுக்காரரைப் பார்க்க ஒரு தடவை வருவீங்களா? உங்க பேச்சைக் கேட்டுத்தான் அவர் செருப்பைக் கழட்டினார்" என்றார்.

செருப்பைக் கழற்றினாரா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த வாரம் பேருந்து ஏறிப் போனேன். கடற்கரை ஊர். அந்த அண்ணாச்சிக்கு 58 வயது. முப்பது வருடம் கடலுக்குப் போனவர். இப்போது வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுக்கிறார். சர்க்கரை வந்து பதினோரு வருடம். பாதம் இரண்டும் மதமதப்பு. பஞ்சுமேல் நடப்பது போல இருக்கும் என்றார். என் பேச்சில், அதிகாலையில் ஈரத்தரையில் வெறுங்காலோடு நடக்கச் சொன்ன ஒரு குருவானவரின் கதை வந்தது. அண்ணாச்சி அதைக் கேட்ட மறுநாளே கடற்கரை ஈரமணலில் நடக்கத் தொடங்கிவிட்டார். தினமும் முக்கால் மணி நேரம். உடம்பு லேசாக இருந்திருக்கிறது. மூன்றாவது வாரம், இனி மாத்திரை எதற்கு என்று தோன்றியிருக்கிறது. ஆவாரம்பூக் கஷாயம் போதும் என்று யாரோ அலைபேசியில் அனுப்பிய செய்தியும் கையில் இருந்தது. தவக்காலமும் வந்தது. நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பது என்று தீர்மானித்துவிட்டார்.

ஒருநாள் காலை அவருடைய மனைவி பாயில் ரத்தக் கறையைப் பார்த்திருக்கிறார். வலது கால் பெருவிரலுக்கு அடியில் சிப்பி கிழித்த காயம். எப்போது கிழித்தது என்று அண்ணாச்சிக்குத் தெரியாது, வலிக்கவே இல்லை. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்துக் கட்டினார்கள். பத்து நாளில் கால் கறுத்தது, காய்ச்சல் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சர்க்கரை 418. இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் மீதிக் காலைக் காப்பாற்ற முடிந்தது.

நான் அவர் பக்கத்தில் அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர்தான் பேசினார். "நீங்க நல்லதைத்தான் சொன்னீங்க சாமி. எனக்குத்தான் கேக்கத் தெரியல." கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்புக்குரியவர்களே, கேட்கத் தெரியாதது அவர் குற்றமில்லை. எனக்குத்தான் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. இதை வானொலியில் சொல்ல அனுமதி தருவீர்களா என்று கேட்டேன். பேரைச் சொல்லாமல் சொல்லுங்கள் என்றார்.

சென்ற ஆண்டு நான் சொன்ன கதை செபஸ்தியான் கினைப் என்ற குருவானவருடையது. அதை இப்போது முழுதாகச் சொல்கிறேன். 1821ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பவேரியா பகுதியில் ஒரு ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தறியில் உட்கார வேண்டியதாயிற்று. குருவாக வேண்டும் என்று ஆசை. படிக்கப் பணம் இல்லை. குருவி சேர்ப்பது போலச் சேர்த்த காசும் வீடு தீப்பிடித்தபோது போய்விட்டது. உறவினரான ஒரு குருவானவர் கைகொடுத்ததால் வாலிப வயதில் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து லத்தீன் படிக்கத் தொடங்கினார். அப்போது நுரையீரல் நோய் பிடித்தது. காசநோய் என்றுதான் எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. காசநோய்க் கிருமியே 1882இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

அவருடைய கைக்கு ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. குளிர்ந்த நீரின் பயனைப் பற்றி, யோகான் சீக்மண்ட் ஹான் என்ற மருத்துவர் நூறு வருடத்துக்கு முன்னால் எழுதியது. 1849ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கினைப் டான்யூப் ஆற்றுக்குப் போய், சில நொடிகள் முங்கி எழுந்து, உடை அணிந்து வீட்டுக்கு ஓடுவார். வாரத்தில் இரண்டு மூன்று முறை. படிப்படியாகத் தேறினார். 1852இல் குருவானார். 1855இல் வோரிஷோஃபன் என்ற சின்னக் கிராமத்தில் தொமினிக்கன் கன்னியர் மடத்துக்கு ஆன்ம குருவாக அனுப்பப்பட்டார். நோயாளிகள் தேடி வந்தார்கள். மருத்துவம் படிக்காதவர் மருத்துவம் செய்கிறார் என்று புகார்களும் வந்தன. 1886இல் அவர் எழுதிய நீர்ச் சிகிச்சை நூல் பல மொழிகளுக்குப் போயிற்று. அந்தக் கிராமத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்து இறங்கினார்கள். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1893இல் அவருக்கு மொன்சிஞ்ஞோர் பட்டம் அளித்தார். 1897ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று, 76 வயதில் இறந்தார். அவருடைய வழிமுறையை ஐந்து தூண்கள் என்பார்கள்: நீர், மூலிகை, உடல் உழைப்பு, எளிய உணவு, வாழ்வின் ஒழுங்கு. ஈரப்புல்லில் வெறுங்காலோடு நடப்பது அவர் சொன்ன பயிற்சிகளில் ஒன்று.

இதுவரைதான் நான் சென்ற ஆண்டு சொன்னேன். கதை அழகாக இருந்ததால் அத்தோடு நிறுத்திவிட்டேன்.

நான் சொல்லாமல் விட்டது இது. கினைப் வயதாக ஆக, தம் சிகிச்சையின் கடுமையைக் குறைத்துக்கொண்டே போனார். தொடக்கத்தில் கடும் குளிர்நீர், பிறகு மிதமானது, பிறகு அதனினும் மிதமானது. தம் உடம்பு தாங்கியது எல்லார் உடம்புக்கும் ஆகாது என்று அவர் கண்டுகொண்டார். வந்தவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, இன்னாருக்கு இவ்வளவு என்று சொன்னார். ஈரப்புல்லில் நடந்தவரிடம், உடனே உலர்ந்த காலுறை அணிந்து கால் சூடாகும்வரை நடக்கச் சொன்னார். பின்னாளில் மருத்துவர்கள் அவரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அவருடைய முறையைக் கையாண்ட மருத்துவர்கள் 1894இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்தார்கள். மருத்துவரை விரட்டிவிட்டு அவர் தண்ணீர் ஊற்றவில்லை.

நானோ ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கேட்பவர் யார், அவருடைய பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், எல்லாருக்கும் ஒரே மருந்தைச் சொல்லிவிட்டேன்.

ஒரு டாக்டரிடம் கேட்டேன், அண்ணாச்சிக்கு ஏன் வலிக்கவில்லை என்று. அவர் விளக்கினார். சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் கால் நரம்புகள் பழுதுபடும். பாதத்துக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறையும். வலி என்பது உடம்புக்கு ஒரு காவல்நாய். முள் குத்தினால் குரைக்கும். நாம் உடனே காலைத் தூக்குவோம். நரம்பு செத்த காலில் அந்த நாய் குரைப்பதில்லை. திருடன் உள்ளே வந்து பத்து நாள் குடியிருந்தாலும் வீட்டுக்காரருக்குத் தெரியாது. சர்க்கரை கூடிய உடம்பில் புண்ணும் லேசில் ஆறாது. அதனால்தான் சர்க்கரைக்காரர்கள் வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்கிறார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்தென்ற ரப்பரில் செய்வதும் அதற்காகத்தான். இரவில் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடி வைத்தோ வீட்டார் யாரையாவது கொண்டோ பார்க்க வேண்டும். கால் கடுக்கிறது என்று சுடுதண்ணீரில் முக்கி வைக்கக் கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோகும். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர். இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில் எத்தனை வீடுகளில் அப்படி ஒருவர் இருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகிறவர்களிடமும் இதை ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். சுடு தாரில் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொண்ட சர்க்கரைக்காரர்கள் உங்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். நேர்ச்சையை வேறொன்றாக மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. செருப்போடு வந்த பிள்ளையை மாதா திருப்பி அனுப்புவதில்லை.

அண்ணாச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பேருந்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 12ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் படித்தேன். ஏரோது பேதுருவைச் சிறையில் போட்டிருக்கிறான். இரண்டு படைவீரருக்கு நடுவில், இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு அவர் தூங்குகிறார். வானதூதர் வந்து விலாவில் தட்டி எழுப்புகிறார். சங்கிலிகள் தாமாகக் கழன்று விழுகின்றன. பிற்பாடு நகருக்குப் போகும் இரும்புக் கதவும் தானாகத் திறக்கிறது. ஆனால் இந்த இரண்டு புதுமைகளுக்கும் நடுவில் ஒரு சின்னக் காரியம் நடக்கிறது. இடைக்கச்சையைக் கட்டிக்கொள்ளவும் மிதியடியைப் போட்டுக்கொள்ளவும் வானதூதர் பேதுருவிடம் சொல்கிறார். பேதுரு போட்டுக்கொள்கிறார்.

சங்கிலியை உடைத்தவருக்குச் செருப்பு மாட்டிவிடத் தெரியாதா? இருபது வருடமாக இந்தப் பகுதியை வாசிக்கிறேன். இந்த வரியில் நான் நின்றதே இல்லை. பேதுருவால் முடியாததைக் கடவுள் செய்தார். பேதுருவால் முடிந்ததைப் பேதுருவையே செய்யச் சொன்னார். சிறையிலிருந்து தப்பிப் போகிற அவசரத்திலும், வெளியே கல்லும் முள்ளும் இருக்கும் என்பது வானதூதருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஆள்களில் சிலர் இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். நம் கையில் இருக்கிற மிதியடிக்காகக் கெபியில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். வேறு சிலர், செபம் உண்டு, கஷாயம் உண்டு, டாக்டர் எதற்கு என்கிறார்கள். லூர்து நகரில் காட்சி கண்ட பெர்னதெத் அம்மாளுக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா. அவர் தோண்டிய ஊற்றிலிருந்து எத்தனையோ பேர் நலம்பெற்றார்கள். அவருக்கு அந்த நோய் போகவில்லை. துறவற மடத்தில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலை செய்தார். 1879இல், 35 வயதில் இறந்தார். லூர்து நகரில் குணம்பெற்றதாகச் சொல்கிறவர்களைப் பரிசோதிக்கத் திருச்சபையே மருத்துவர்களை அமர்த்தியிருக்கிறது. 1858 முதல் இன்றுவரை அங்கே புதுமை என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளப்பட்டவை எழுபது சொச்சம்தான். திருச்சபை அவ்வளவு நிதானமாக இருக்கும்போது நாம் அலைபேசியில் வரும் செய்தியை ஒரு நொடியில் நம்பிவிடுகிறோம்.

சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து வாசியுங்கள். மருந்துகளை ஆண்டவர் மண்ணிலிருந்து உண்டாக்கினார், அறிவுள்ளவர் அவற்றை ஒதுக்க மாட்டார் என்பது அங்கே இருக்கிறது. அதே அதிகாரத்தில், நோயுற்றவன் மன்றாடவும் வேண்டும், தன் நடத்தையைச் சீர்படுத்தவும் வேண்டும், அதன்பின் மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் வேண்டும் என்றும் இருக்கிறது. மூன்றும் ஒன்றையொன்று தள்ளவில்லை. நற்செய்தி எழுதிய லூக்காவே மருத்துவர் என்று கொலோசையர் திருமுகத்தில் பவுல் சொல்கிறார்.

என் பாட்டி எழுத்தறியாதவள். வீட்டில் சுக்கு, மிளகு, ஓமம், துளசி எல்லாம் டப்பா டப்பாவாக இருக்கும். எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் விதி ஒன்றுதான்: மூணு நாள் கஷாயம், நாலாம் நாள் கன்னியர் மடம். மடத்தில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. நாலாம் நாள் விடிந்ததும் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள். மூன்றாம் நாள் ராத்திரியே மூச்சு இழுத்தால் நாலாம் நாளுக்குக் காத்திருக்கவும் மாட்டாள். சீராக்கை அவள் வாசித்ததில்லை.

இயற்கை என்றாலே தீங்கில்லாதது என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. அரளி விதை இயற்கைதான். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் இயற்கைதான். தின்றால் ஆளைக் கொன்றுவிடும். அதே செங்காந்தளிலிருந்து பிரித்தெடுக்கும் பொருள், அளவோடு கொடுத்தால், கீல்வாதத்தில் ஒரு வகைக்கு மருந்து. அளவும் ஆளும் தெரிந்தவர் கொடுக்க வேண்டும். இளநீர் எவ்வளவு நல்லது! சிறுநீரகம் பழுதானவருக்கு அதில் உள்ள பொட்டாசியமே ஆபத்தாகலாம். சித்த மருத்துவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம் அரசு மருத்துவமனைகளில் படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். என்ன கஷாயம் குடிக்கிறீர்கள் என்று மாத்திரை கொடுக்கிற டாக்டரிடமும் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் மறைத்தாலாவது ஆண்டவருக்குத் தெரியும். டாக்டருக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

அப்படியானால் நடை, கீரை, தண்ணீர் எல்லாம் வீணா என்று கேட்பீர்கள். வீணில்லை. என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர் காலைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமில்லை.

பங்குத்தந்தையாக இருப்பவர் வீடு சந்திக்கப் போனால் வீட்டுக்கு ஒரு டீ. ஒரு நாளில் பன்னிரண்டு வீடு என்றால் பன்னிரண்டு டீ; சாமிக்கு என்று சர்க்கரையும் ஒரு கரண்டி கூட. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், புதுமனை, மஞ்சள் நீராட்டு என்று மூன்று பிரியாணி. சென்ற ஆண்டு, இயற்கை வாழ்வைப் பற்றி உங்களுக்கு உபதேசம் செய்த அதே மாதத்தில், ரத்தப் பரிசோதனையில் என் மூன்று மாதச் சராசரி 6.2. டாக்டர் சிரித்தார். "சாமி, 6.5 வந்தால் நோயாளி. நீங்க வேலிமேல நிக்கிறீங்க" என்றார்.

நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. இரவு உணவை ஒன்பதரையிலிருந்து ஏழரைக்குக் கொண்டுவந்தேன். சாப்பிட்டதும் கோயில் மைதானத்தில், செருப்புப் போட்டுக்கொண்டு, செபமாலை சொல்லியபடி நடக்கிறேன். ஐம்பத்து மூன்று மணியும் முடிய இருபது நிமிடம் ஆகும். சாப்பாட்டுக்குப் பின் நடக்கும் சின்ன நடை, ஏறுகிற சர்க்கரையை நன்றாக மட்டுப்படுத்தும்; வேலை செய்கிற தசை அதை எடுத்துக்கொள்கிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒருநாளும் தவறாமல் நடந்தால் செபமாலைக் கணக்கிலேயே அதில் பெரும்பகுதி வந்துவிடும்.

தட்டில் முதலில் கீரையும் காயும், பிறகு சுண்டலோ மீனோ, கடைசியில் சோறு. சமையல்கார அம்மாவுக்கு முதலில் வருத்தம், சாமி என் சோற்றை ஒதுக்குகிறார் என்று. உப்பில்தான் எங்களுக்குள் நீண்ட பேச்சுவார்த்தை நடந்தது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும். குழம்பு, ரசம், பொரியலிலேயே அது முடிந்துவிடும். அதற்குமேல் அப்பளம், ஊறுகாய், கருவாடு. மூன்றும் எனக்குப் பிடிக்கும். இப்போது ஒரு நாளைக்கு மூன்றில் ஒன்று என்று உடன்படிக்கை செய்திருக்கிறோம். டீயில் சர்க்கரையை நிறுத்தினேன். வீட்டார் மனம் கோணாமலிருக்க, அரை டம்ளர் வாங்கிக்கொள்கிறேன். அண்மையில் பார்த்தபோது சராசரி 5.9. புதுமை என்று சொல்ல ஒன்றுமில்லை. வேலியிலிருந்து நம் பக்கமாக ஓரடி இறங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முந்நூறு ரூபாய்ப் பொடி தேவையில்லை. இயற்கை என்று பெயர் போட்டுப் பளபளக்கும் டப்பாக்களில் வருவதை ஏழைகள் கடன்பட்டு வாங்குவதைப் பார்க்கிறேன். கொல்லையில் முருங்கை நிற்கிறது. சாளை மீன் நாம் வாங்கக்கூடிய மீன்களில் மலிவானது. இதயத்துக்கு நல்ல கொழுப்பு அதில் நிறைய இருக்கிறது. கேழ்வரகும் கொண்டைக்கடலையும் ரேஷன் வாங்கும் வீட்டாருக்கும் எட்டும்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. எலியா இறைவாக்கினர் சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் அடியில் சாக விரும்பிப் படுத்தார். அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரம். ஆண்டவருடைய தூதர் வந்து உபதேசம் எதுவும் செய்யவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்தார். எலியா தின்று, குடித்து, மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி உணவு கொடுத்தார். ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடை அதற்குப் பிறகுதான். நம் வீட்டுப் பெண்கள் பலர் இரவு பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவி முடித்து, காலை நாலரைக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஏழு மணி நேரம் தூங்கச் சொல்லி நான் உபதேசிப்பதைவிட, பாத்திரத்தை யார் கழுவுவது என்று அந்த வீட்டு ஆண்கள் பேசிக்கொள்வது நல்லது.

தவக்காலம் நெருங்குகிறது. திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி கட்டாயமான நாள்கள் இரண்டு: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. அதுவும் 18 வயது நிறைந்தவர் முதல் 60ஆம் வயதைத் தொடங்காதவர் வரைக்கும்தான். நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் திருச்சபை கட்டாயப்படுத்துவதில்லை. இன்சுலின் போடுகிறவர்களும் சில வகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தைப் போட்டுவிட்டு உணவை விட்டால், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், மயங்கி விழலாம். உணவை விடுகிறேன் என்று மருந்தையும் சேர்த்து விட்டால் என்ன ஆகும் என்பதை அண்ணாச்சியின் கதையில் கேட்டீர்கள். உங்கள் மாத்திரையை ஒறுத்தலாக ஒப்புக்கொடுக்க வேண்டாம். டீயின் சர்க்கரையை ஒப்புக்கொடுங்கள், பீடியை ஒப்புக்கொடுங்கள், மதுவை ஒப்புக்கொடுங்கள். அது தவக்காலம் முடிந்த பிறகும் நீடித்தால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

மருந்து வாங்க அலைய முடியவில்லை என்பவர்கள், 2021 முதல் நம் மாநிலத்தில் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நம் அன்பியங்களில் மாதம் ஒரு கூட்டத்திலாவது, செபம் முடிந்ததும், யார் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளலாம். நிறுத்தியவரைத் திட்ட வேண்டாம். ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்பார், பஸ்ஸுக்குக் காசில்லை என்பார். டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிவிடலாம். பஸ் காசை அன்பியமே கொடுத்துவிடலாம்.

அண்ணாச்சியைக் கிறிஸ்து பிறப்புக்கு முன்னால் மறுபடி போய்ப் பார்த்தேன். காலுக்கு ஏற்றபடி எம்.சி.ஆர். செருப்பு ஒன்று செய்து கொடுத்திருக்கிறார்கள். இரவு செபம் முடிந்ததும் அவருடைய மனைவி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அவர் பாதத்தைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்க்கிறார். பெரிய வியாழன் அன்று கோயிலில் பன்னிரண்டு பேருக்கு நாங்கள் பாதம் கழுவுகிறோம்; இந்த அம்மா தினமும் கழுவுகிறார். கீரையையும் நடையையும் அண்ணாச்சி விடவில்லை. இப்போது செருப்போடு, மாத்திரையோடு நடக்கிறார். அந்த ஆவாரம்பூக் கஷாயத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டாராம். ருசிக்காக எப்போதாவது ஒரு டம்ளர் குடிக்கலாம், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றாராம்.

புறப்படும்போது, அடுத்த தடவை ரேடியோவில் எப்போது பேசுவீர்கள் என்று கேட்டார். இன்றைய தேதியைச் சொல்லிவிட்டு வந்தேன். இந்த நேரம் வலையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணாச்சி, மணி ஏழாகப் போகிறது. சாப்பிட்டாச்சா? மாத்திரை போட்டாச்சா?